கடைசியாக எப்போது தூங்கினாய் என்று கேளுங்கள்

மத்திய சாலைப் போக்குவரத்து, நெடுஞ்சாலைத் துறை அமைச்சகத்துக்கு, சங்ககிரியிலிருந்து ஒரு பழைய லாரி டிரைவர் எழுதும் திறந்த மடல்.

ஐயா, வணக்கம்.

2018இல் நீங்கள் எடுத்துவிட்ட ஒரு விதியைப் பற்றித்தான் எழுதுகிறேன். பல மாநிலங்களுக்குப் போகும் தேசிய பெர்மிட் லாரியில் குறைந்தது இரண்டு டிரைவர் இருக்க வேண்டும், ஓட்டாமல் இருக்கும் டிரைவர் காலை நீட்டிப் படுக்க சீட்டுக்குப் பின்னால் இடம் இருக்க வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதிகளில் இருந்தது. அந்த வருஷம் ஜூலையில் நாடு முழுவதும் லாரி ஸ்ட்ரைக் நடந்தது. உரிமையாளர் சங்கங்கள் கேட்டவற்றில் இரண்டு டிரைவர் கட்டாயத்தை நீக்குவதும் ஒன்று. நீங்களும் நீக்கிவிட்டீர்கள். அதே ஜூலையில் வண்டிகளின் எடை வரம்பையும் உயர்த்தினீர்கள். 25 டன் மொத்த எடையில் ஓடிக்கொண்டிருந்த பத்துச் சக்கர வண்டி 28.5 டன்னுக்குப் போனது. ஒரே வருஷத்தில் பாரம் கூடியது, ஆள் குறைந்தான்.

நான் எண்பதுகளின் நடுவில் கிளீனராக லாரி ஏறியவன். அப்புறம் டிரைவராகி, கொரோனா முடிந்த பிறகுதான் ஸ்டியரிங்கை விட்டேன். சேலத்து ஜவ்வரிசி, ஈரோட்டு மஞ்சள், பொள்ளாச்சித் தேங்காய் ஏற்றிக்கொண்டு வடக்கே போவோம். திரும்பும்போது ஆக்ராவில் உருளைக்கிழங்கு, மந்த்சௌரில் பூண்டு, லாசல்காவில் வெங்காயம், எது கிடைக்கிறதோ அந்த ரிட்டன் லோடு. சங்ககிரி, நாமக்கல், திருச்செங்கோடு பக்கம் வீட்டுக்கு ஒருவராவது இந்தத் தொழிலில் இருந்திருப்பார்கள். இந்த ஊர்களில் கல்யாணம் காதுகுத்துக்கு நாள் குறிப்பதுகூட வண்டி எங்கே நிற்கிறது என்று கேட்டுவிட்டுத்தான்.

நான் ஏறிய காலத்தில் லைன் வண்டி, அதாவது நெடுந்தூரம் போகும் வண்டி என்றால் மூன்று பேர். ஒரு டிரைவர், மாற்றி ஓட்ட ஒரு செட் டிரைவர், ஒரு கிளீனர். வண்டி இப்போது இருப்பதைப் போல இல்லை. இன்ஜின் பாதி கேபினுக்குள்ளேயே இருக்கும். மேலே கோணிச்சாக்கை மடித்துப் போட்டாலும் இடது கால் முழுக்க அனல் அடிக்கும். பவர் ஸ்டியரிங் கிடையாது, ஒரு திருப்பத்துக்குத் தோள்பட்டையே இறங்கிவிடும். ரோடும் இரு வழி ரோடுதான். அந்த வண்டியில், அந்த ரோட்டில் நாங்கள் நாக்பூர், ஜான்சி, குவாலியர் என்று போய் வந்தோம். பக்கத்தில் இன்னொரு டிரைவர் இருந்ததால்தான் அது முடிந்தது.

எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்த செட் டிரைவர் அண்ணன் ஒருவர். நான் ஓட்டும்போது பெர்த்தில் கண்ணை மூடிப் படுத்திருப்பார். தூங்குகிறார் என்று நினைப்பேன். நடுராத்திரிக்கு மேல் திடீரென்று குரல் வரும்: "தம்பி, முன்னாடி போற வண்டி எந்த ஊர் நம்பர்?" உடனே சொல்லிவிட்டால் திரும்பப் படுத்துக்கொள்வார். யோசித்துச் சொன்னால், "ஓரங்கட்டு" என்பார். மறுபேச்சு கிடையாது. அவர் ஸ்டியரிங்கில் உட்காருவார், நான் பெர்த்தில் ஏறிப் படுப்பேன். கண் திறந்திருப்பது வேறு, பார்ப்பது வேறு என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் அவர். தூக்கம் வருவது ஓட்டுகிறவனுக்குத் தெரியாது, பக்கத்தில் இருப்பவனுக்குத்தான் தெரியும் என்பார்.

முதலில் கிளீனர் போனார். கிளீனராக ஏறினால்தான் ஒருவன் டிரைவராக முடியும், அதனால் அடுத்த தலைமுறை டிரைவரும் அதோடு போனான். அப்புறம் செட் டிரைவர் போனார். இதற்கு உரிமையாளர்களை மட்டும் குறை சொல்ல மாட்டேன். எங்கள் பக்கம் உரிமையாளர்களில் பாதிப் பேர் முன்னாள் டிரைவர்கள்தான். வண்டிக்கு மாதத் தவணை, டீசல், டோல், இன்சூரன்ஸ், டயர் எல்லாம் ஏறிக்கொண்டே போகும்போது வாடகை மட்டும், லோடு பிடித்துக் கொடுக்கும் புக்கிங் ஆபீசில் பேரம் பேசிப் பேசி இறங்குகிறது. எதையும் குறைக்க முடியாதவர் கடைசியில் ஆளைக் குறைக்கிறார். விதி இருந்த காலத்திலேயே பல வண்டிகள் ஒற்றை டிரைவரோடு ஓடின, அதுவும் உண்மை. ஆனால் விதி என்று ஒன்று இருந்தவரை, "ரெண்டு டிரைவர் இருந்தாத்தான் டெல்லி லைன் போவேன்" என்று ஒரு டிரைவர் நிமிர்ந்து கேட்க முடிந்தது. கேட்டால் மரியாதையும் இருந்தது. இப்போது கேட்டால், "அரசாங்கமே ஒரு ஆள் போதும்னு சொல்லிட்டாங்களே" என்கிறார்கள்.

ஒற்றை டிரைவர் எப்படி ஓட்டுகிறார் என்று சொல்கிறேன். மாதச் சம்பளம் பெரும்பாலும் கிடையாது. வண்டி ஓடினால் காசு, நின்றால் இல்லை. லோடு ஏற்றும் இடத்தில் ஒன்றரை நாள் காத்துக் கிடப்பார். அந்த நேரத்துக்குக் கூலி இல்லை, பல இடங்களில் கேட்டுக்குள் இருக்கும் கழிப்பறைக்குப் போகவும் விடமாட்டார்கள். கேட்டுக்கு வெளியே வரிசையில் நிற்கும் வண்டியில் தூங்கவும் முடியாது. அரை மணிக்கு ஒரு தடவை முன்னால் நகர்த்தச் சொல்வார்கள். ராத்திரி பத்து மணிக்கு லோடு ஏறி, தார்ப்பாய் கட்டி, கயிறு இழுத்து முடிக்கும்போதே உடம்பில் பாதி போயிருக்கும். அப்போதுதான் பார்ட்டி, அதாவது சரக்குக்காரர், போனில் சொல்வார், நாலு நாளில் டெல்லியில் இருக்க வேண்டும் என்று. டிரைவருக்கு அந்த நாலு நாள் அந்த நிமிஷத்திலிருந்து தொடங்குகிறது.

இதில் ஒரு கணக்கைப் பாருங்கள் ஐயா. சேலத்திலிருந்து டெல்லி சுமார் 2,300 கிலோமீட்டர். சரக்கோடு போகும் ஜிஎஸ்டி சீட்டான இ-வே பில்லுக்கு 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்று 2021லிருந்து அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். அதாவது அந்தக் காகிதம் டெல்லி போய்ச் சேர 12 நாள் இருக்கிறது. அதே சரக்கைக் கொண்டுபோகும் டிரைவருக்கு எத்தனை நாள் என்று எந்தக் காகிதத்திலும் இல்லை. சட்டப்படி பார்த்தால் நெடுந்தூர டிரைவர் ஒரு நாளைக்கு அதிகபட்சம் 10 மணி நேரம் ஓட்டலாம். லோடு வண்டி மணிக்கு 40 கிலோமீட்டர் என்று வைத்தால் குறைந்தது ஆறு நாள் வரும். பார்ட்டி கேட்பது நாலு. நடுவில் இருக்கும் அந்த இரண்டு நாளை டிரைவர் தன் தூக்கத்திலிருந்து எடுத்துக் கொடுக்கிறார்.

சட்டமே இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டத்திலேயே எல்லாம் எழுதியிருக்கிறது. நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி. நெடுந்தூர ஓட்டத்துக்கு அனுமதி வாங்கினால் நாளுக்கு 10, வாரத்துக்கு 54, பிரேக்டவுன் மாதிரி நேரம் தவிர அதற்கு மேல் இல்லை. தொடர்ந்து ஐந்து மணி நேரத்துக்கு மேல் போனால் அரை மணி ஓய்வு. ஒரு நாள் வேலை முடிந்து மறுநாள் தொடங்குவதற்குள் ஒன்பது மணி நேர இடைவெளி. இந்தச் சட்டம் ஐந்து பேராவது வேலை செய்யும் நிறுவனத்துக்குத்தான் பொருந்தும் என்பதால் ஒரு வண்டி, இரண்டு வண்டி வைத்திருப்பவர் அதில் வரமாட்டார் என்பார்கள். ஆனால் 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தில் 91ஆம் பிரிவு, போக்குவரத்து வாகனம் ஓட்டும் எவருக்கும் இதே நேரக் கணக்குதான் என்கிறது. இப்போது அந்த 1961 சட்டத்தையே 2020இல் கொண்டுவந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புக்குள் சேர்த்துவிட்டீர்கள். எங்கே சேர்த்தாலும் சரி, ரோட்டில் யாராவது அதைக் கேட்க வேண்டுமே?

இத்தனை வருஷத்தில் காஷ்மீர் ஒன்றைத் தவிர இந்தியாவின் பெரும்பாலான செக்போஸ்ட்டுகளில் நின்றிருக்கிறேன். ஆர்சி கேட்டார்கள், பெர்மிட் கேட்டார்கள், எஃப்சி, இன்சூரன்ஸ், புகைச் சான்றிதழ், லோடு பில், எடைச்சீட்டு எல்லாம் கேட்டார்கள். தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்தார்கள். ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்தார்கள். கடைசியாக எப்போது தூங்கினாய் என்று ஒருவரும் கேட்டதில்லை. டார்ச் என் முகத்தில் அடித்ததும் உண்டு, லைசென்சில் இருக்கும் போட்டோவும் நானும் ஒன்றா என்று பார்க்க.

தூக்கத்தை விரட்ட டிரைவர்கள் செய்வதெல்லாம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். டீ, பீடி, வாயில் அடக்கிய புகையிலை. வடக்கே சில டாபாக்களில் டீயில் அபின் செடியின் காய்ந்த தோலைப் போட்டுக் கொடுப்பார்கள், டோடா என்பார்கள். அதைக் குடித்துவிட்டு இரண்டு ராத்திரி கண் கொட்டாமல் ஓட்டிய ஆட்களைப் பார்த்திருக்கிறேன். ஐம்பது வயதுக்குள் அவர்கள் உடம்பு என்ன ஆனது என்பதையும் பார்த்திருக்கிறேன்.

என் ஊர்க்காரர் ஒருவர், என்னைவிடச் சின்னவர். ஒற்றை ஆளாக நாக்பூரிலிருந்து வந்துகொண்டிருந்தார். ஆந்திராவில் அதிகாலை நாலு மணிக்கு, ரோட்டோரம் பஞ்சராகி நின்ற லாரியின் பின்னால் போய் மோதிவிட்டார். பிரேக் அடித்த தடமே இல்லை. நானும் இன்னும் சிலரும் உடலை வாங்கப் போனோம். ஸ்டேஷனில் முதல் தகவல் அறிக்கையைப் படித்துக் காட்டினார்கள். அஜாக்கிரதையாக ஓட்டியதாக, இறந்துபோனவர் மேலேயே வழக்கு. குற்றம் சாட்டப்பட்டவர் இறந்துவிட்டதால் வழக்கு முடிந்தது என்று பின்னால் ஒரு காகிதம் வந்தது. எந்த நேரத்தில் லோடு ஏறியது, எத்தனை மணி நேரமாக ஓட்டினார், எந்த நாளில் சேர வேண்டும் என்று சொன்னது யார், இதில் ஒன்றும் அந்த அறிக்கையில் இல்லை. அவருடைய போனில் மட்டும் இருந்தது. விடிய விடிய பார்ட்டியிடமிருந்தும் புக்கிங் ஆபீசிலிருந்தும் வந்த அழைப்புகள். அந்த போனை யாரும் கேட்கவில்லை, அவர் மனைவியிடம் பையோடு சேர்த்துக் கொடுத்துவிட்டார்கள்.

உங்கள் அமைச்சகமே போட்ட கணக்குப்படி 2022இல் மட்டும் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். அதிவேகம், குடி, தவறான திசை என்று காரணங்கள் பிரித்து எழுதியிருக்கிறது. செத்துப்போன டிரைவர் எவ்வளவு நேரம் தூங்கவில்லை என்பது எந்தப் பத்தியிலும் வராது, ஏனென்றால் அதைக் கேட்டு எழுதச் சொல்லி யாரும் சொல்லவில்லை.

தருமபுரி மாவட்டத்துத் தொப்பூர் கணவாயை எடுத்துக்கொள்ளுங்கள். பெங்களூர்ப் பக்கமிருந்து சேலத்துக்கு இறங்கும் வழியில் எத்தனை விபத்து. வளைவு, இறக்கம், பிரேக் பிடிக்கவில்லை, டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விட்டார்கள் என்பார்கள். எல்லாமே உண்மை. இன்னொன்றும் உண்டு. வடக்கேயிருந்து வரும் எங்கள் பக்கத்து வண்டிகளுக்கு அது கிட்டத்தட்டக் கடைசி இறக்கம். பல நாள் தூங்காமல் வந்த டிரைவர், வீடு இன்னும் இரண்டு மணி நேரத்தில் என்று நினைக்கும் இடம். உடம்பு அங்கேதான் தளரும். அங்கே உயர்மட்டச் சாலை போடத் திட்டம் வந்திருக்கிறது, மனதார வரவேற்கிறேன். கணவாய்க்கு முன்னால், கிருஷ்ணகிரிக்கும் தருமபுரிக்கும் இடையில், நூறு வண்டி நின்று தூங்கிப் போக ஓர் இடமும் சேர்த்துப் போடுங்கள்.

இடம் என்று சொல்லும்போது ஒன்றை விளக்கமாகச் சொல்ல வேண்டும். 2024 பிப்ரவரியில் டெல்லியில் நடந்த வாகனக் கண்காட்சியில் பிரதமர் பேசும்போது, நெடுஞ்சாலைகளில் டிரைவர்களுக்காக முதல் கட்டமாக ஆயிரம் ஓய்விடங்கள் வரும் என்றார். பெட்ரோல் பங்குகளில் படுக்கை, கழிப்பறை, சமைக்க இடம் எல்லாம் வைத்துக் கட்டிக்கொண்டும் இருக்கிறார்கள். நல்ல காரியம். ஆனால் படுக்கை இருந்தால் டிரைவர் தூங்கிவிடுவார் என்று நினைக்காதீர்கள். வண்டியை விட்டு இறங்கி உள்ளே போய்ப் படுத்தால் டேங்கில் டீசல் இருக்காது. பேட்டரி போகும், ஸ்டெப்னி போகும், பிளேடால் தார்ப்பாயைக் கிழித்து மூட்டையை இறக்குவார்கள். இதெல்லாம் டிரைவர் கணக்கில் பிடித்தம் ஆகும். அதனால்தான் கட்டில் சும்மா கிடக்க, கேபினிலேயே ஒரு கண்ணை மூடி ஒரு கண்ணைத் திறந்து கிடக்கிறோம். ஓய்விடம் கட்டுகிறவர்கள் முதலில் வேலியும் வெளிச்சமும் காவல் ஆளும் போட வேண்டும், உள்ளே நிற்கும் வண்டிக்குப் பொறுப்பேற்று ரசீது கொடுக்க வேண்டும். சைக்கிள் ஸ்டாண்டில்கூடச் சீட்டு கொடுக்கிறார்களே. அதைச் செய்தால், கட்டிலே இல்லாவிட்டாலும் டிரைவர் தன் பெர்த்தில் நிம்மதியாகத் தூங்குவார்.

புது லாரிகளில் ஏசி கேபின் கட்டாயம் என்று 2023 கடைசியில் அறிவித்து, 2025இல் நடைமுறைக்குக் கொண்டுவந்தீர்கள். மே மாதம் நாக்பூரைத் தாண்டிப் போனவன் என்ற முறையில் இதற்கு இரு கை கூப்பி நன்றி சொல்கிறேன். ஆனால் அதுவும் வண்டி ஓடும்போதுதான். மத்தியானம் நிறுத்திவிட்டுப் படுத்தால் ஏசிக்கு இன்ஜின் ஓட வேண்டும், டீசல் எரியும், மைலேஜ் குறைந்தது ஏன் என்று கேள்வி வரும். நின்ற வண்டியில் தூங்குபவருக்கு என்ன வழி என்பதையும் வண்டி தயாரிப்பவர்களிடம் கேளுங்கள்.

2023இல் வந்த புதிய குற்றச் சட்டத்தில், அஜாக்கிரதையாக ஓட்டி ஆள் சாகக் காரணமாகிவிட்டுத் தகவல் சொல்லாமல் போகும் டிரைவருக்குப் பத்து வருஷம் வரை சிறை என்று 106ஆம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவில் போட்டீர்கள். 2024 ஜனவரியில் டிரைவர்கள் வண்டியை நிறுத்தினார்கள். அதன் பிறகு அந்த உட்பிரிவை மட்டும் நிறுத்திவைத்திருக்கிறீர்கள். நின்றால் கூட்டம் அடித்துக் கொல்லும் என்ற பயம் எங்களுக்கு எப்போதும் உண்டு, அதைத் தனியாகப் பேச வேண்டும். இங்கே நான் சொல்வது, விபத்துக்குப் பிறகு டிரைவரைத் தேட இவ்வளவு யோசித்தவர்கள், விபத்துக்கு முந்தைய பதினெட்டு மணி நேரம் அவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்பதையும் யோசிக்க வேண்டும் என்பதுதான்.

அமைச்சர் நிதின் கட்கரி அவர்களே 2021 செப்டம்பரில் சொன்னார், விமானிகளைப் போல லாரி டிரைவர்களுக்கும் ஓட்டும் நேரத்தை நிர்ணயிக்க வேண்டும், தூக்கத்தைக் கண்டுபிடிக்கும் கருவி வண்டியில் இருக்க வேண்டும் என்று. படித்தபோது அவ்வளவு சந்தோஷப்பட்டேன். ஐரோப்பாவில் லாரிகளில் ஓட்டும் நேரத்தைப் பதிவு செய்யும் டாக்கோகிராஃப் என்று ஒரு கருவி இருக்கிறது. நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிஷம் நிறுத்தியே ஆக வேண்டும், போலீஸ் எந்த நேரத்திலும் கணக்கை எடுத்துப் பார்க்கலாம். நமக்கு அந்தக் கருவி வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். கருவிகள் ஏற்கெனவே வண்டியில் இருக்கின்றன. ராத்திரி இரண்டு மணிக்கு ஒரு டிரைவர் வண்டியை ஓரங்கட்டினால் பத்து நிமிஷத்தில் போன் வரும், "ஏன் வண்டி நிக்குது?" என்று. ஜிபிஎஸ் அவ்வளவு துல்லியமாக வேலை செய்கிறது. வண்டி நிற்பதைச் சொல்லும் அதே கருவி, வண்டி பதினாறு மணி நேரமாக நிற்கவே இல்லை என்பதையும் சொல்லும். 2021 பிப்ரவரியிலிருந்து டோல் கட்டும் எல்லா வண்டிக்கும் ஃபாஸ்டேக் கட்டாயம். எந்தச் சாவடியை எத்தனை மணிக்குத் தாண்டியது என்பது உங்கள் கையில்தான் இருக்கிறது.

அதனால் நான் கேட்பது இதுதான். ஒரு நாள் ஓட்டத்துக்கு மேல் போகும் தேசிய பெர்மிட் வண்டிக்கு இரண்டு டிரைவர் விதியைத் திரும்பக் கொண்டுவாருங்கள். இ-வே பில்லில் இப்போது வண்டி நம்பர் மட்டும் இருக்கிறது, அதில் டிரைவர்களின் லைசென்ஸ் நம்பரையும் எழுத வைக்கச் சொல்லி நிதித் துறையிடம் பேசுங்கள். ஒரே லைசென்ஸ் நம்பரோடு ஒரு வண்டி ஓய்வில்லாமல் சாவடிகளைத் தாண்டிக்கொண்டே போனால், நோட்டீஸ் டிரைவருக்கு வர வேண்டாம். லோடு போட்டவருக்கும் நாள் குறித்தவருக்கும் போகட்டும். அபராதம் அங்கே விழுந்தால் நாலு நாள் தானாக ஆறு நாள் ஆகும்.

இரண்டாவது ஆளுக்குக் காசு யார் கொடுப்பது என்று உரிமையாளர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. தனியாக ஒருவர் மட்டும் ஆள் போட்டால் அவர் வாடகை கட்டாது, பக்கத்து வண்டிக்காரர் லோடைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார். எல்லா வண்டிக்கும் சட்டம் என்றால்தான் வாடகையில் ஏற்ற முடியும். டெல்லிக்கு ஒரு டிரிப்புக்கு இரண்டாவது டிரைவருக்குப் பத்தாயிரம் ரூபாய் என்றே வைத்துக்கொள்ளுங்கள். வண்டியில் 20 டன் ஜவ்வரிசி, அதாவது 20,000 கிலோ. கிலோவுக்கு 50 பைசா வருகிறது.

இப்படிக்கு,
ஒரு முன்னாள் லைன் டிரைவர்,
சங்ககிரி, சேலம் மாவட்டம்.